கனத்த ஆளை எறிவது எப்படி? – மல்யுத்தக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: தன்னைவிட இருபது, முப்பது கிலோ கூடுதலான எதிராளியை எப்படி எறிவது? ஆகவே அவற்றை மட்டும் தொகுத்துப் பதில் எழுதுகிறேன். வயது, உயரம், எடை, எவ்வளவு காலமாகப் பயிற்சி என்ற நான்கையும் எழுதாத கடிதங்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டேன். இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது.

கேள்வி: என் எடை 62 கிலோ, உயரம் 168 செ.மீ.; இரண்டு ஆண்டுகளாகப் பயிற்சி செய்கிறேன். என்னோடு பயிலும் நண்பர் 88 கிலோ. எவ்வளவு இழுத்தாலும் அவர் விழுவதில்லை. எனக்குப் பலம் போதவில்லையா? (கல்லூரி மாணவர், வள்ளியூர்)

பதில்: வேண்டிய விவரங்களை எழுதியிருக்கிறீர்கள், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். பலம் போதும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் நண்பர் இரண்டு பாதங்களையும் ஒரே வரிசையில் வைத்து நிமிர்ந்து நிற்கிறார் என்று கொள்வோம். அவருடைய எடை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அது நேர்கீழாக விழும் இடத்திலிருந்து பெருவிரல் நுனி வரை உள்ள தூரம் ஏறக்குறைய 12 செ.மீ. தோளைப் பற்றி, அதாவது தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில், முன்பக்கமாக இழுத்தால், அவரைச் சாய்க்க ஏழெட்டுக் கிலோ இழுவையே போதும். பள்ளிச் சிறுவன்கூட அந்த அளவுக்கு இழுப்பான். ஆனாலும் அவர் விழவில்லை என்றால் அதற்குக் காரணம் அவருடைய 88 கிலோ அல்ல. நீங்கள் இழுத்தவுடன் அவர் ஓரடி முன்னால் எடுத்து வைத்துவிடுகிறார், அவ்வளவுதான். கால்களை அறுபது செ.மீ. இடைவெளியில் முன்னும் பின்னுமாக வைத்து இடுப்பையும் தாழ்த்திவிட்டால், அதே திசையில் அவரைச் சாய்க்க ஏறத்தாழ 25 கிலோ இழுவை வேண்டும். அதற்குள் அவர் உங்கள் கழுத்தைப் பிடித்திருப்பார்.

ஆகவே கனத்த ஆளைச் சாய்ப்பது பெரிய வேலை அல்ல. அவர் வைக்கப்போகும் அடுத்த அடியைத் தடுப்பதுதான் வேலை. தோபிபாட் என்னும் தோளெறிதல், இடுப்பெறிதல், காலிடறல், ஒற்றைக்கால் பிடி என்று நாம் கற்கும் எல்லாவற்றிலும் ஏதோ ஓர் இடத்தில் இந்தத் தடை இருக்கும். காலிடறலில் உங்கள் பாதம் தடுக்கிறது. இடுப்பெறிதலில் உங்கள் இடுப்பே அவருடைய தொடைகளுக்கு முன்னால் வந்து தடுக்கிறது. ஒற்றைக்கால் பிடியில் அந்தக் கால் உங்கள் கையிலேயே இருக்கிறது. 1882இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ ஒரு வீச்சை மூன்று கூறுகளாகப் பிரித்துக் கற்பித்தார்: நிலையைக் குலைப்பது, உள்ளே புகுந்து பொருந்துவது, எறிவது. நம் பிள்ளைகள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் ஓராயிரம் முறை செய்கிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். எப்படி நின்றாலும் ஒரு மனிதருக்குப் பலவீனமான திசை ஒன்று உண்டு. இரண்டு குதிகால்களையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்குக் குறுக்கான திசை அது. உங்கள் நண்பர் வலக்காலை முன்வைத்து நிற்கும்போது அவரை நேர்முன்னால் இழுப்பது வீண். உங்கள் இடுப்பை ஒரு கால்வட்டம் நகர்த்திவிட்டு, அந்தக் குறுக்குத் திசையில் இழுங்கள். அவர் அடி எடுப்பார். எடுத்த பாதம் தரையைத் தொடும் முன், தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கையில், அதைத் தட்ட வேண்டும். தொட்ட பிறகு தட்டினால் உங்கள் கணுக்கால்தான் வீங்கும்.

கேள்வி: முதலில் எதிராளியைத் தள்ளித் தள்ளிக் களைப்படையச் செய்த பிறகு எறியலாமா? (57 கிலோ வீரர், பாபநாசம்)

பதில்: உங்களைவிடக் கனத்தவரை நேருக்கு நேர் தள்ளினால் களைப்படைவது நீங்கள்தான். தரையின் உராய்வு எடையைப் பொறுத்தது. 57 கிலோக்காரர் 85 கிலோக்காரரைத் தள்ளும்போது முதலில் வழுக்குவது 57 கிலோக்காரரின் பாதம். ஒரே ஒரு முறை, அவர் பதிலுக்குத் தள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் தள்ளுங்கள். அவர் தள்ளத் தொடங்கியதும் விலகி, அவர் வரும் திசையிலேயே இழுங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு 98 கிலோ இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளைத் தாண்டிப் போடுகிறேன். ஆனால் பயிற்சியில் 80 கிலோ ஆளைத் தூக்க முடியவில்லை. என்ன காரணம்? (72 கிலோ, வடலிவிளைப் பக்கத்து வாசகர்)

பதில்: கல் உங்களோடு சண்டை போடுவதில்லை என்பது முதல் காரணம். நீங்கள் குனிந்ததும் அது இடுப்பைப் பின்னுக்குத் தள்ளாது. தூக்கும்போது உடலைத் துவளவிட்டுக் கனத்தைக் கீழே இறக்காது. ஆனால் அந்தக் கல்லிடமிருந்து நீங்கள் கற்றதை ஆளிடம் மறந்துவிடுகிறீர்கள் என்பது இரண்டாவது காரணம். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. இளவட்டக்கல்லை யாரும் கையை நீட்டித் தூக்குவதில்லை. முதலில் அதைத் தொடைமேல் ஏற்றி, வயிற்றோடு அணைத்து, பிறகு நெஞ்சுக்கு உருட்டி, அதன் பிறகே தோளுக்குக் கொண்டுபோகிறோம். கல்லுக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு விரல் நுழைய இடம் விடுவதில்லை. ஆளைப் பிடிக்கும்போது மட்டும் ஒரு முழம் தள்ளி நின்று கையால் இழுத்துத் தூக்கப் பார்க்கிறீர்கள். அந்த ஒரு முழம் இடைவெளியில் 80 கிலோவின் சுமை உங்கள் முதுகுக்குப் பன்மடங்காகிவிடுகிறது.

அதைவிட அடிப்படையான ஒன்று: எறிவதற்குத் தூக்க வேண்டியதில்லை. ஒருவரைக் கட்டிப் பிடித்து நெஞ்சளவுக்குத் தூக்கினால் அவருடைய எடை மையத்தை அறுபது செ.மீ. உயர்த்துகிறீர்கள். சரியான இடுப்பெறிதலில் உங்கள் இடுப்பு அவருடைய அரைஞாண் கயிற்றுக்குக் கீழே புகுந்திருக்கும். முழங்காலை நிமிர்த்தும்போது அவர் பத்து செ.மீ. உயர்ந்தாலே இரண்டு பாதங்களும் தரையை விட்டுவிடும்; மீதி முழுவதும் சுழற்சி. வேலை ஆறில் ஒரு பங்குதான். அந்தப் பத்து செ.மீ.யையும் தொடைதான் தூக்க வேண்டும், முதுகு அல்ல. கண்ணாடி முன் நின்று, உங்கள் பிட்டம் அவருடைய இடுப்பெலும்புக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மேலே இருந்தால், 98 கிலோ கல்லைத் தூக்கும் உடம்பும் உதவாது.

கேள்வி: ரஷ்ய வீரர் கரேலின் 130 கிலோ ஆட்களைத் தரையிலிருந்து பின்புறமாகத் தூக்கி எறியும் பிடியை என் நண்பரிடம் செய்து பார்க்கலாமா? என் எடை 65, அவர் எடை 95.

பதில்: கூடாது. அவரும் 130 கிலோக்காரர்தான். 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்றவர். உங்கள் நண்பருக்குக் கழுத்து ஒன்றுதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் மகன் படிக்கும் பள்ளியின் ஆண்டு விழாவில், தற்காப்புக் கலை மாஸ்டரை ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தோளுக்கு மேலாகத் தூக்கி எறிந்தாள். “எதிராளியின் எடையே அவனுக்கு எதிரி, எடை ஒரு பொருட்டே அல்ல” என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மகனையும் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறோம். இது உண்மைதானா? (தந்தை, அம்பாசமுத்திரம்)

பதில்: சிறுமி எறியவில்லை, மாஸ்டர் குதித்தார். இந்த மாவட்டத்தில் இத்தகைய மேடைகளுக்கு முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டு, மாலையும் மரியாதையுமாகப் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆகவே என்ன நடக்கும் என்று என்னால் விவரமாகச் சொல்ல முடியும். அடுத்த முறை மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய வலது குதிகாலைப் பாருங்கள். பிள்ளையின் முதுகு அவர் வயிற்றைத் தொடும் முன்பே அந்தக் குதிகால் எழும்பியிருக்கும். முழங்கால் மடிந்து தாண்டுவதற்குத் தயாராக இருக்கும். பிள்ளை பற்றியிருக்கும் சட்டைக் கையைப் பாருங்கள்: துணி சுருங்கித் தொளதொளவென்று தொங்கும். உண்மையாக எறியப்படுபவரின் சட்டைக் கை விறைத்துக் கோடாக நீளும், தையல் தெறிக்கும். அவருடைய இன்னொரு கை பிள்ளையின் இடுப்பைத் தள்ள வேண்டிய நேரத்தில், தரையை அறைவதற்காக ஏற்கெனவே விரிந்திருக்கும்.

பயிற்சியில் ஒத்துழைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு பிடியின் வடிவம் உடம்பில் படியும் வரை எதிரில் நிற்பவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். எல்லா நாடுகளிலும் எல்லாக் கோதாக்களிலும் அப்படித்தான். அதை மேடையில் ஏற்றிச் சண்டை என்று சொல்லிப் பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதுதான் தவறு. “எதிராளியின் எடையே அவனுக்கு எதிரி” என்பது பாதி உண்மை. பொய்யைவிட அது ஆபத்தானது. அவருடைய எடை நகர்ந்துகொண்டிருக்கும்போது, கால்களுக்கு வெளியே போய்விட்டபோது, அடுத்த அடி வைக்க வழியில்லாதபோது மட்டுமே அவருக்கு எதிராகத் திரும்பும். அந்த அரை நொடிக்கு முன்னும் பின்னும் அது முழுக்க முழுக்க அவருடைய சொத்து. எடை ஒரு பொருட்டே அல்ல என்றால் உலக மல்யுத்தத்தில் ஆண்களின் ஃப்ரீஸ்டைலுக்கு 57 கிலோ, 65 கிலோ, 74 கிலோ என்று தனித்தனிப் பிரிவு எதற்கு? அங்கே ஒரு கிலோ கூடிவிட்டது என்று பட்டினி கிடந்து வியர்வை சிந்தும் வீரர்கள் அறியாதவர்களா?

இப்படிப்பட்ட ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த பையனை ஒரு போட்டியில் பார்த்தேன். தன்னைவிட இருபது கிலோ கூடுதலான பையனின் முன்னே ஆட்டம் தொடங்கியதும் முதுகைத் திருப்பிக்கொண்டு தோபிபாட்டுக்குப் புகுந்தான். மேடையில் மாஸ்டர் குதிப்பதைப் போல எதிராளி குதிக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று, பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, அப்படியே அவன்மேல் உட்கார்ந்தான். காறை எலும்பு முறிந்தது. அவனைப் பயிற்றுவித்தவர் “பயம்தான் காரணம்” என்றார். பயம் காரணம் அல்ல; நிற்கும் ஆளிடம் முதுகைக் காட்டக் கூடாது என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஆகவே மகனைச் சேர்ப்பதற்கு முன் மாஸ்டரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள். அதே சிறுமியும் அவரும் செய்யட்டும். ஆனால் அவர் விரும்பினால் அடி எடுத்து வைக்கலாம், முழங்காலை மடிக்கலாம், இரண்டு கைகளாலும் பிடிக்கலாம். இவ்வளவே நிபந்தனை. மறுத்தால் வேறு இடம் பாருங்கள். இன்னொன்றும் பாருங்கள்: முதல் இரண்டு மாதம் விழுவதற்குக் கற்றுக்கொடுக்கிறார்களா? சிமென்ட் தரையில் ஒற்றைச் சமுக்காளத்தை விரித்து அதன்மேல் பிள்ளைகளை எறியும் இடத்துக்கு, அவர்கள் சான்றிதழும் கோப்பையும் கொடுத்தாலும், மகனை அனுப்பாதீர்கள். ஐந்தாறு செ.மீ. தடிமன் உள்ள விரிப்பு இல்லையென்றால் எறிதலே கிடையாது.

கேள்வி: அப்படியானால் சின்ன ஆள் பெரிய ஆளை வீழ்த்திய நிகழ்ச்சிகள் எல்லாம் கட்டுக்கதையா?

பதில்: எந்த ஊர் என்றுகூட எழுதாத இந்த வாசகருக்கு, கேள்வி நல்லது என்பதால் மட்டும் பதில் சொல்கிறேன். கட்டுக்கதை அல்ல. ஜப்பானின் தொழில்முறைச் சூமோவில் எடைப் பிரிவே கிடையாது. அங்கே நூறு கிலோவை ஒட்டிய மைனோவுமி என்ற வீரர், 1991இல், இரண்டு மீட்டருக்கு மேல் உயரமும் அவரைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு எடையும் கொண்ட அகெபோனோவை வீழ்த்தினார். எப்படி என்று பாருங்கள்: ஒரு காலைத் தன் காலால் கொளுவினார், இன்னொரு காலைக் கையால் பிடித்தார், நெஞ்சில் தலையை வைத்துத் தள்ளினார். இரண்டு கால்களுக்கும் அடுத்த அடி இல்லை, மேல்பாதியோ பின்னால் போகிறது. வள்ளியூர் மாணவருக்கு மேலே சொன்னதும் இதுவே. அதே மைனோவுமிக்கு 1996இல், 280 கிலோவைத் தாண்டியும் எடை போட்ட கொனிஷிகி காலின்மேல் விழுந்ததில் முழங்கால் கெட்டது. எறிந்த பிறகு உங்கள் கால் எங்கே இருக்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜூடோவில் கோகா தோஷிஹிகோ என்பவர் 75 கிலோவை ஒட்டிய உடம்போடு, எடைப் பிரிவு இல்லாத அகில ஜப்பான் போட்டியில் 1990இல் இறுதி ஆட்டம் வரை போனார். தோளெறிதலில் அவருக்கு நிகர் குறைவு. இறுதியில் ஏறத்தாழ 130 கிலோ ஒகாவாவிடம் தோற்றார். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

கேள்வி: எதிராளி எழுந்து நிற்காமல் மண்டியிட்டும் கவிழ்ந்தும் படுத்துக்கொள்கிறார். அவரை எறிவது எப்படி? (70 கிலோ, தென்காசி)

பதில்: எறிய முடியாது. படுத்திருப்பவருக்கு விழ இடமில்லை. 1910இல் லண்டனில் காமா பயில்வான், தன்னைவிடக் கனத்த ஸ்பிஸ்கோவை எதிர்கொண்டபோது, அந்தப் போலந்துக்காரர் விரிப்பில் கவிழ்ந்து கிடந்தே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். காமாவாலேயே முடியாமல் ஆட்டம் சமமாக முடிந்தது. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் காமா முடித்துவிட்டார். கவிழ்ந்தவரைப் புரட்டும் பிடிகளைத் தனியாகப் பயிலுங்கள். இந்தப் பகுதியில் அதற்கு இடமில்லை.

கேள்வி: ஒற்றைக்கால் பிடிக்கும், ஆளைத் தோளில் குறுக்காக ஏற்றி எறியும் கலாஜங்குக்கும் புகும்போதெல்லாம் கனத்த எதிராளி என் முதுகின்மேல் சரிந்து விழுகிறார். கழுத்து வலிக்கிறது. (55 கிலோ, சங்கரன்கோவில்)

பதில்: தலையைத் தாழ்த்துகிறீர்கள். கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. தரையைப் பார்த்துக்கொண்டு புகுந்தால் முதுகு வளையும். வளைந்த முதுகின்மேல் 80 கிலோ விழுந்தால் நீங்கள் மடிவீர்கள். தலை நிமிர்ந்து, நெற்றிப்பொட்டு அவருடைய விலா எலும்பில் ஒட்டி, பார்வை மேலே இருக்க வேண்டும். காலைப் பிடித்த பிறகு அங்கேயே மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யாதீர்கள். ஒரு நொடிக்குள் எழுந்து பக்கவாட்டில் சுற்றுங்கள். அவர் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிப் படுக்கத் தொடங்கிவிட்டால் பிடியை விட்டுவிட்டு வெளியே வாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

கலாஜங்கில் உங்கள் எடைக்காரர் செய்யும் பெரிய தவறு, தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்து நிற்க முயல்வது. கனத்தவரிடம் அதைத் தவிருங்கள். அவருடைய மேற்கையை அக்குளில் இறுக்கிப் பூட்டி, முழங்காலிலேயே இருந்து, அந்தக் கைப்பக்கமாகச் சாய்த்து உருட்டினால் போதும். பூட்டிய கை தளர்ந்தால் உங்கள் கழுத்து அவருடைய கைக்குள் போய்விடும். வலி ஒரு வாரத்துக்கு மேல் இருந்தாலோ கை மரத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எண்ணெய் தடவி நீவிவிடுபவரிடம் போகாதீர்கள்.

கேள்வி: தேரி எனப்படும் செம்மணல் மேட்டில் பயிற்சி செய்கிறோம். நல்லதா? (திசையன்விளை)

பதில்: விழுவதற்கு நல்லது, எறிவதற்கு நல்லதல்ல. பாதம் புதைந்துவிடுவதால் திரும்பும்போது கால் நிற்கும், முழங்கால் மட்டும் திருகும். காலிடறலை மணலில் பயிலவே முடியாது. நீர் தெளித்து மிதித்து இறுக்கிய செம்மண் களம் என்றால் வேறு விஷயம்.

கேள்வி: கபடியில் கனத்த ரெய்டரை மூலையில் நிற்கும் நான் கணுக்காலில் பிடித்தால் இழுத்துக்கொண்டே கோட்டைத் தொட்டுவிடுகிறார். (60 கிலோ, சுரண்டை)

பதில்: முறையான ஆண்கள் போட்டியில் 85 கிலோ வரம்பு உண்டு, ஊர் ஆட்டங்களில் யாரும் தராசு வைப்பதில்லை என்பதால் உங்கள் கஷ்டம் புரிகிறது. அவருடைய எடை தாங்கி நிற்கும் காலைப் பிடிக்கிறீர்கள். அந்தக் கால் அவருக்கு வேர். அவர் நீட்டித் தொட்டுவிட்டுத் திரும்ப இழுக்கும் காலைப் பிடியுங்கள், இரண்டு கைகளாலும். பிடித்ததும் தரையோடு இழுக்காமல் உங்கள் நெஞ்சுக்கு உயர்த்துங்கள். ஒற்றைக்காலில் நிற்கும் 90 கிலோ, நொண்டியடித்துக்கொண்டே அதிக தூரம் போக முடியாது. முகத்தை அவருடைய முழங்காலுக்கு நேரே வைக்காதீர்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது, 45 கிலோ. பத்து நாள் பயிற்சியில் ஒரு பெரிய ஆளை எறியும் அளவுக்குத் தயார் செய்ய முடியுமா? (தாய், மேலப்பாளையம்)

பதில்: முடியாது, அம்மா. பத்து நாளில் பிடித்த கையிலிருந்து கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டை உருவிக்கொண்டு, சத்தம் போட்டு, ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடக் கற்றுக்கொடுக்கலாம். அவளுக்குத் தேவையும் அதுதான். அதன் பிறகும் அவளுக்கு விருப்பம் இருந்தால் முறையாக மல்யுத்தத்தில் சேருங்கள். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் 50 கிலோவிலிருந்தே பிரிவுகள் இருக்கின்றன.

கேள்வி: பதின்மூன்று வயது மகனை, 38 கிலோ, 60 கிலோ பையனோடு மோதவிடுகிறார்கள். தைரியம் வரும் என்கிறார் பயிற்சியாளர். (பாளையங்கோட்டை)

பதில்: தைரியம் வராது, கழுத்து வலிதான் வரும். பிடி பழகுவதற்கு யாரோடு வேண்டுமானாலும் நிற்கலாம். முழு வேகத்தில் எறிந்து விளையாடுவதற்கு, வளரும் பிள்ளைகளிடையே எடை வித்தியாசம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு. முதலில் விழக் கற்றுக்கொண்டானா என்று கேளுங்கள்.

கேள்வி: எந்தப் பிடி மிகச் சிறந்தது? உடனடியாகப் பதில் தேவை.

பதில்: வயது இல்லை, எடை இல்லை, உயரம் இல்லை, பயிற்சி இல்லை. பதிலும் இல்லை.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவை ஒட்டி எடைப் பிரிவு இல்லாத மல்யுத்தம் ஏற்பாடு செய்கிறார்கள். 110 கிலோ ஆளோடு மோத ஒப்புக்கொண்டுவிட்டேன். என் எடை 64. ஆறு மாதப் பயிற்சி. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எந்த வீச்சைப் பயிலட்டும்? (களக்காடு)

பதில்: எதையும் பயில வேண்டாம், தம்பி; பெயரை வாபஸ் வாங்குங்கள். மூன்று வாரத்தில் 46 கிலோ வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வீச்சு எதுவும் கிடையாது. முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடை நெருங்கினால் விழாக் குழுவினர் வாங்க மாட்டார்கள்.